கைக்குள் அடங்கிய ஆமை

கல்முனைக் கடைத்தெருவிலே வண்ணமீன்கள் விற்கும் கடையொன்றின் வாயிலில் அண்மையில் என் மாணவன் ஒருவனைக் கண்டேன். அவன் கையில் நீர் நிரம்பிய பொலித்தீன் பை. அதனுள்ளே, இரண்டு ரூபாய்க் குற்றியிலும் சற்றே பெரிதான பச்சை ஆமைக்குஞ்சு ஒன்று நான்கு கால்களாலும் நீரை அளைந்துகொண்டிருந்தது.

“சேர், இது எங்கட வயல் ஆமைக்குஞ்சுதானே? பெரிசானாக் கிட்டங்கியில உடலாம் எண்டு வாப்பா சொன்னாரு” என்றான்.

அச்சிறுவனின் சொற்களில் இரு பிழைகள் இருந்தன. அவை அவனுக்கு மட்டும் உரியனவல்ல. நம்மிற் பலர்க்கும் உரியவை.

முதலாவது, அது நம் வயல் ஆமை அன்று. கண்ணுக்குப் பின்னே செந்நிற மையினாற் கோடிட்டாற்போல ஒரு பட்டை தெரிகின்றதா? கழுத்திலும் கால்களிலும் மஞ்சள் வரிகள் ஓடுகின்றனவா? அடிப்புற ஓடு மஞ்சளாய்க் கரும்புள்ளிகளுடன் விளங்குகின்றதா? ஆயின் அது செங்காது ஆமை. அதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. நம் நீர்நிலைகளுக்கு உரியவை வேறு. முதுகில் நீளவாட்டாக மூன்று முகடுகள் ஓடும் கறுப்பு ஆமை ஒன்று. தட்டையான ஓட்டைத் தோல் போர்த்திருக்க, உள்ளிழுத்த பின்னங்கால்களைத் தோல்மடல்களால் மூடிக்கொள்ளும் பாலாமை மற்றொன்று. இப்பாலாமை இலங்கைக்கே உரிய தனியினம். நாட்டு ஆமைகளைப் பிடித்தலும் விற்றலும் வனவிலங்குச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன.

பொய்கை ஆமையின் பார்ப்புத் தன் தாயின் முகம் நோக்கியே வளர்வதாக ஐங்குறுநூற்றுப் புலவர் ஒருவர் பாடினார். கவிதைக்கு அது அழகு. இயற்கையிலோ, ஆமைத்தாய் முட்டையிட்டு மண்ணால் மூடியதும் போய்விடும். குஞ்சு தானே இரைதேடி வாழும். கண்ணாடித் தொட்டியில் அடைபட்ட குஞ்சுக்கு அவ்வாற்றலும் பயன்படுவதில்லை. அது நோக்கி வாழ்வது நம் முகத்தையே.

அதற்கு வேண்டுவன சில. நீந்துதற்கு ஆழமான நீர். ஏறிக் காய்தற்கு உலர்ந்த கல் அல்லது பலகை. நாள்தோறும் நேரான இளவெயில், ஒதுங்குதற்கு நிழல். சாளரக் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது. ஓடு வலுப்பெறத் துணைசெய்யும் புற ஊதாக் கதிர்களை அது தடுத்துவிடும். உலர்ந்த இறாலை மட்டுமே ஊட்டினால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து ஓடு மென்மையாகும்; உயிர்ச்சத்து ‘ஏ’ குறைந்து கண்ணிமைகள் வீங்கும். ஆமைக்கெனச் செய்த உணவுடன் சிறுமீன், மண்புழு, கங்குன் கீரை என மாற்றிக் கொடுத்தல் நன்று. நீரை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். ஆமையைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவும் வேண்டும். சல்மனெல்லா என்னும் கிருமி நோய்க்குறி எதுவுமின்றி அதன் உடலில் தங்கியிருக்கும். சிறுவர் பலர் அதனால் நோயுற்றமையால், நான்கு அங்குலத்திற் சிறிய ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடைசெய்தது.

இவ்வாறு பேணினால் அது 30 ஆண்டுகள் வாழக்கூடும். பெண்ணாமையின் ஓடு 25 சென்றிமீற்றரையும் எட்டும். அப்போதுதான் இரண்டாவது பிழை நேர்கின்றது. தொட்டி சிறுத்துவிட, ஆமையைத் தோணாவிலோ கிட்டங்கியிலோ விட்டு, ஓர் உயிருக்கு விடுதலை அளித்தோம் என மகிழ்ந்து திரும்புகின்றோம். மாரியிலே கிட்டங்கித் தாம்போதியை மூடிப் பாயும் வெள்ளத்தைக் கண்டோர், அங்கு விட்டது அங்கேயே நில்லாது என்பதை அறிவர். அது இரைக்கும், வெயில் காயும் இடத்துக்கும் நாட்டு ஆமைகளோடு போட்டியிடும், நோயையும் பரப்பக்கூடும். உலகில் மிகுந்த கேடு விளைக்கும் அந்நிய உயிரினங்கள் நூறின் பட்டியலில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இதன் இறக்குமதியை நிறுத்திற்று. 2018இல் கேரளத்துத் திருச்சூரில், கால்வாயொன்றிலே இது காணப்பட்டு ஆய்வாளரைக் கவலைகொள்ளச் செய்தது.

“அப்ப நான் என்ன செய்ற, சேர்?” என்று கேட்டான் மாணவன்.

“வாங்கிட்டீங்கதானே மகன், இனி அது உங்கட பொறுப்பு. வளர்க்க ஏலாத நாள் வந்தா, மதில் கட்டின வளவுக்குள்ள சீமெந்துத் தொட்டி வைச்சிருக்கிற ஆளாப் பாத்துக் குடுங்க. ஆத்துலயும் குளத்துலயும் மட்டும் விட்டுடாதீங்க” என்றேன்.

அவன் பையை நெடுநேரம் பார்த்தான். பின்னர் விரல்விட்டு எண்ணினான்.

“முப்பது வருசமெண்டா, எனக்கு நாப்பத்திரண்டு வயசாயிரும் சேர்.”

வாங்குமுன் நாம் ஒவ்வொருவரும் போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு அதுவே.