திரும்பினால் சத்தம்: ஓர் ஆக்ஸில் கற்றுத் தந்த கணக்கு

கடைகளுக்குச் சாமான் போடும் எனது பழைய கொரொல்லா, வளைவில் திரும்பும்போதெல்லாம் 'டக் டக்' என்று சத்தமிடத் தொடங்கியது. குனிந்து பார்த்தால், முன்சில்லின் உட்புறத்தில் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் எங்கும் தெறித்திருந்தது. கிழிந்த நேரத்திலேயே கவனித்திருந்தால் புதிய பூட் ஒன்றும் கொஞ்சம் கிரீஸும் போதும். மண் புகுந்து ஜொயின்ட் தேய்ந்ததால் ஆக்ஸிலையே மாற்ற வேண்டியதாயிற்று.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபோதும், புது வாகனம் எனக்கு எட்டும் விலையில் இல்லை. கராஜிலோ மூன்று நாள் தவணை சொன்னார்கள். மூன்று நாள் சாமான் போகாவிட்டால் வாடிக்கையாளர் வேறு இடம் பார்ப்பார். பஞ்சிகாவத்தையில் பாவித்த ஆக்ஸில் ஒன்றை வாங்கிக்கொண்டு, கராஜில் வேலை பழகிய தங்கையின் மகனோடு வெள்ளி பின்னேரம் முற்றத்தில் இறங்கினேன்.

சில்லு நிலத்தில் இருக்கும்போதே நடு நட்டை இளக்க வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றவர் நீண்ட பிடியால் திருகினோம். பிறகு பின்சில்லுகளுக்குக் கல் வைத்து, ஜேக்கால் உயர்த்தி, ஸ்டாண்டில் இருத்தினோம். ஒரு பக்க ஆக்ஸில் கழன்றால் கியரில் போட்டாலும் வாகனம் நிற்காது. ஜேக்கை மட்டும் நம்பி அடியில் போவது உயிரோடு விளையாடுவதாகும்.

சில்லைக் கழற்றி, கியர் ஒயிலை வடித்து, கீழ் போல் ஜொயின்டைப் பிரித்தோம். மரக்கட்டை வைத்துத் தட்ட, ஆக்ஸிலின் வெளிமுனை ஹப்பிலிருந்து விலகியது. அவசரத்தில் தண்டைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"வாணாம் மாமா! இழுத்தா உள் ஜொயின்ட் கழன்று போகும்" என்றான் அவன். கியர் பெட்டியோடு சேரும் இடத்தில் கம்பியை வைத்து மெல்ல நெம்ப, ஆக்ஸில் முழுதாக வந்தது. பழையதை அருகில் வைத்து நீளமும் பல்லும் ஒன்றா எனப் பார்த்து, ஒயில் சீலில் உராயாமல் புதியதைச் செலுத்தினோம். நட்டை உரிய அளவுக்கு இறுக்கி, புதுப் பின்னும் போட்டு, கியர் ஒயிலை மறுபடி நிரப்பினோம்.

சனி காலை சாமான் வழமைபோல் போனது. கராஜ் கூலி மிச்சமானது உண்மைதான். ஆனால் பூட் கிழிந்ததைக் காணாமல் விட்ட நட்டம் என் கணக்கில்தான் விழுந்தது. வர்த்தக நண்பர்களே, மாதத்துக்கு ஒரு முறையாவது முன்சில்லுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். கடையில் இருப்பு எடுப்பதைப் போல் அதுவும் வியாபாரத்தின் ஒரு வேலைதான்.