துணியில் வரைந்து பார்க்கும் 2050

கம்ப்யூட்டரில் சேலைக்கும் சட்டைக்கும் டிசைன் போடலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இனி வரப்போகும் காலம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கவும் துணி டிசைன் பயன்படுகிறது என்பது தெரியுமா?

லண்டனில் உள்ள சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கல்லூரியைச் சேர்ந்த துணி வடிவமைப்பாளர் கரோல் கொலே, 2012-ம் ஆண்டு 'பயோலேஸ்' என்ற பெயரில் சில செடிகளை உருவகப்படுத்தினார். அதில் ஒன்று ஸ்ட்ராபெர்ரி. மேலே கறுப்பு நிறத்தில் பழம் காய்க்கும். கீழே அதன் வேர், கறுப்பு லேஸ் துணியாகவே பின்னிக்கொண்டு வளரும். காலம் 2050. அப்படி ஒரு செடி எங்கேயும் கிடையாது. படமாகவும் மாதிரியாகவும்தான் அது இருக்கிறது. ஆனாலும் பார்த்தவுடன் மனதில் கேள்வி எழுகிறது. உணவையும் உடையையும் ஒரே செடி தருமானால் நல்லதுதானே? அதற்காகச் செடியின் மரபணுவில் கை வைக்கலாமா? பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதினாலும் இவ்வளவு சீக்கிரம் இந்தக் கேள்வி வராது.

துணியைப் பார்த்து எதிர்காலத்தை யோசிப்பது புதிய பழக்கம் அல்ல. சொல்லப் போனால் உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய தறியில், துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்திருக்கும். அட்டையில் துளை இருந்தால் பாவு இழை மேலே தூக்கப்படும். இல்லாவிட்டால் கீழேயே இருக்கும். அந்த இடைவெளியில் ஊடை ஓடும். ஒன்று அல்லது பூஜ்யம், அவ்வளவுதான். காஞ்சிபுரத்துத் தறிகளிலும் 'ஜக்கார்டு' என்று இவர் பெயரைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

1839-ல் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஆன அட்டைகள் சுமார் 24,000. ஓர் அட்டையில் 1,000-க்கும் மேற்பட்ட துளை இடங்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3 எம்.பி. வருகிறது, நம் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவு! இங்கிலாந்தின் சார்லஸ் பேபேஜ் அந்தப் படம் ஒன்றை வாங்கி, வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் காட்டினார். தான் வரைந்த அனலிடிகல் என்ஜின் என்ற கணக்கிடும் இயந்திரத்துக்கும் அட்டை முறையைத் தறியிலிருந்தே எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரம் அவர் காலத்தில் முழுமையாகக் கட்டி முடிக்கப்படவில்லை. ஆனால் 1843-ல் அதைப் பற்றி எழுதிய அடா லவ்லேஸ், எண்களோடு நிற்காமல் இசையைக்கூட அது அமைக்கக்கூடும் என்று யோசித்துவிட்டார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். கூகுள் நிறுவனம் 2015-ல் ஒரு திட்டத்தை அறிவித்து அதற்கு 'ஜக்கார்டு' என்றே பெயர் வைத்தது. மின்சாரம் கடத்தும் நூலைத் துணியோடு சேர்த்து நெய்வதுதான் திட்டம். 2017-ல் லீவைஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு ஜாக்கெட் வந்தது. விலை 350 டாலர். இடது கை மணிக்கட்டுப் பகுதியைத் தட்டினால் போனில் பாட்டு மாறும். தடவினால் வழி சொல்லும். 2019-ல் அடுத்த மாடலும் வந்தது. 2023 ஏப்ரலில் அதற்கான ஆப் நிறுத்தப்பட்டது. தையல் பிரியவில்லை, நூல் நைந்து போகவில்லை. ஆனாலும் அன்று முதல் அது வெறும் ஜாக்கெட்.

நல்ல பட்டுச் சேலை தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது. 2019-ல் வாங்கிய ஜாக்கெட்டின் மூளை நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. இதை வடிவமைத்தவர்கள் துணியைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள். அந்தத் துணியின் பத்தாவது வருடத்தைப் பற்றி யோசித்தார்களா என்பதுதான் என் சந்தேகம். அதையும் முன்கூட்டியே வரைந்து பார்த்திருக்கலாம்.

நீங்களும் வீட்டில் முயன்று பார்க்கலாம். தனியாக சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸில் உள்ள பெயிண்ட் போதும். அதைத் திறந்து ரீசைஸ் பகுதியில் பிக்சல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அகலம், உயரம் இரண்டுக்கும் 24 கொடுங்கள். படம் பொட்டு போலச் சிறிதாகிவிடும், பயப்பட வேண்டாம். 800 சதவீதம் ஜூம் செய்து, வியூ மெனுவில் கிரிட்லைன்ஸ் என்பதை கிளிக் செய்தால் கட்டங்கள் தெரியும். பென்சிலால் கறுப்பு வைத்த கட்டம் மேலே தூக்கிய பாவு. வெள்ளை, கீழே இருக்கும் பாவு. தொடர்ந்து எட்டு, பத்துக் கட்டம் ஒரே நிறமாக விடாதீர்கள். நெய்யும்போது அந்த இடத்தில் இழை பின்னாமல் நீளமாகத் தொங்கி, வளையலிலும் மோதிரத்திலும் மாட்டும்.

கன்ட்ரோல் ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, மவுஸின் வலது பட்டனை கிளிக் செய்து இன்வெர்ட் கலர் கொடுங்கள். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறும். பாவு கறுப்பு, ஊடை வெள்ளை என்றால் துணியின் பின்பக்கத்தில் நிறங்கள் இப்படித்தான் தலைகீழாக இருக்கும்.

இப்போது உங்கள் துணிக்கு ஒரு வேலை கொடுங்கள். பாட்டியின் காய்ச்சலைச் சொல்லும் போர்வை, மழை வந்தால் நிறம் மாறும் பள்ளிச் சீருடை, எதுவானாலும் சரி. படத்தின் பக்கத்தில் நோட்பேடில் எழுதுங்கள்: துவைத்தால் என்ன ஆகும்? யார் சார்ஜ் போடுவது? காய்ச்சல் விவரம் யாருடைய கம்ப்யூட்டருக்குப் போகும்? ஆப் நின்றுபோனாலும் போர்வை குளிர் தாங்குமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று எழுத முடியாவிட்டால் டிசைனை மாற்றுங்கள்.

சேமிக்கும்போது பி.என்.ஜி. அல்லது பி.எம்.பி. பைலாகச் சேமிக்கவும். ஜேபெக் வேண்டாம். கட்டங்களின் ஓரம் கலங்கி, எது கறுப்பு எது வெள்ளை என்று தெரியாமல் போய்விடும்.