ஆறாம் வகுப்போடு நின்றவர் பேசினார்; ஊர் ஊராகப் பள்ளிகள் நிமிர்ந்தன!

பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் ஒரு மகாநாடு கூட்டுகிறார்கள். அதில் சிறப்புரை ஆற்ற யாரை அழைப்பார்கள்?

பெரிய படிப்புப் படித்தவர்களை அழைப்பார்கள். பட்டம் பல பெற்றவர்களை அழைப்பார்கள். அதுதான் வழக்கம்.

ஆனால், அன்றைய சென்னை ராஜ்யத்தில் நடந்த பள்ளி மகாநாடுகளில், மக்கள் வேறொருவர் பேச்சைக் கேட்கக் காத்திருந்தார்கள். அவர் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் பெயருக்குப் பின்னால் பட்டம் எதுவும் கிடையாது.

அவர்தான் முதல்-மந்திரி காமராஜர்.

படிக்காதவர் பேச்சைக் கேட்டு, பள்ளிகளுக்கு வாரி வழங்கினார்கள் மக்கள். அது எப்படி நடந்தது?

ஐந்து பேரில் ஒருவர்

1951-ம் ஆண்டு மக்கள் கணக்கு எடுக்கப்பட்டது. அப்போது தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவர்தான்.

நாடு விடுதலை அடைந்துவிட்டது. ஊர்தோறும் பள்ளி வேண்டும் என்ற ஆசையும் பிறந்துவிட்டது. ஆனால், இருந்த பள்ளிகளில் பல, பெயருக்குத்தான் பள்ளிகள். மழை பெய்தால் கூரை ஒழுகும். பிள்ளைகள் தரையில் உட்காருவார்கள். கரும்பலகை இருந்தால் நாற்காலி இருக்காது.

சர்க்கார் என்ன செய்தது? புதுப் பள்ளிகளைத் திறந்தது. ஆசிரியர்களை நியமித்தது. சம்பளம் கொடுத்தது. மற்ற தேவைகளுக்கெல்லாம் கஜானாவில் பணம் போதவில்லை.

அப்போது கல்வித்துறையின் தலைமைப் பதவியில் இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சீபுரம் பக்கத்தில் நெய்யாடுபாக்கம் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1954-ம் ஆண்டு அந்தப் பதவிக்கு வந்தார். கிராமத்து மக்களின் மனம் அவருக்குத் தெரியும்.

கோவில் திருப்பணிக்கு ஊரார் கூடி உதவுகிறார்கள். திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி போடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கொடுக்க மாட்டார்களா? கேட்டால் கொடுப்பார்கள். ஆனால், கேட்கிற முறையில் கேட்க வேண்டும்!

இப்படிப் பிறந்ததுதான், "பள்ளிச் சீரமைப்பு மகாநாடு".

கடம்பத்தூரில் தொடக்கம்

1958-ம் ஆண்டு, அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கடம்பத்தூரில் முதல் மகாநாடு நடந்தது. பிறகு மற்ற ஜில்லாக்களுக்கும் பரவியது.

மகாநாட்டு நாளுக்கு நெடுநாள் முன்பே வேலை தொடங்கிவிடும்.

ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று ஆசிரியர்களும் இன்ஸ்பெக்டர்களும் பட்டியல் எழுதுவார்கள். கட்டடத்துக்கு இடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தேசப்படம், பிள்ளைகள் சாப்பிடத் தட்டு, உடுக்கச் சீருடை என்று பட்டியல் நீளும். அதை எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களுடன் சென்று உதவி கேட்பார்கள்.

"பணம் கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் தயக்கம் வரும். "நம் ஊர்ப் பள்ளிக்கு ஒரு கரும்பலகை வேண்டும்" என்று கேட்டால்? கொடுத்தவர் மறுநாளே போய்ப் பார்க்கலாம். தம் பேரப்பிள்ளை அதில் எழுத்துப் படிப்பதைக் கண் குளிரக் காணலாம்.

மகாநாட்டுக்குப் பள்ளி நிர்வாகிகள், பஞ்சாயத்துத் தலைவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர்கள் எல்லோரும் வருவார்கள். பள்ளியின் வாழ்வும் தாழ்வும் இவர்கள் கையில்தான் இருந்தன. இவர்கள் முன்னால்தான் காமராஜர் பேசினார்.

பிடி அரிசிப் பள்ளி

காமராஜர் 1903-ம் ஆண்டு விருதுநகரில் பிறந்தார். அங்கே க்ஷத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியில் படித்தார்.

அந்தப் பள்ளிக்கு ஒரு வரலாறு உண்டு. வீட்டுப் பெண்கள் சமையலுக்கு அரிசி எடுக்கும்போது, ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வீடு வீடாக அந்தப் பிடி அரிசியைச் சேர்ப்பார்கள். அதில் கிடைத்த வருமானம் பள்ளிக்குப் போகும். பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லாத படிப்பு!

அந்தப் படிப்பும் காமராஜருக்கு நிலைக்கவில்லை. ஆறு வயதில் தந்தையை இழந்தார். குடும்பத்தில் வறுமை சூழ்ந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டார். மாமாவின் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனார்.

படிப்பின் அருமை, படித்தவனைவிட, படிக்க முடியாமல் போனவனுக்கே அதிகம் தெரியும். காமராஜர் மேடை ஏறியபோது, கூட்டத்துக்கு இது தெரிந்திருந்தது. "இவர் புத்தகத்தில் படித்ததைச் சொல்லவில்லை, பட்டதைச் சொல்லுகிறார்" என்று மக்கள் நம்பினார்கள்.

ஊரார் கொடுத்த பிடி அரிசியில் படித்த பிள்ளை, முதல்-மந்திரியாகி, மற்ற பிள்ளைகளுக்காக ஊராரிடம் கை நீட்டினார். அவருக்கு யார் இல்லை என்று சொல்வார்கள்?

அடுக்குமொழி இல்லாத பேச்சு

அந்தக் காலம் அலங்காரப் பேச்சுக்குப் பெயர் போன காலம். அடுக்குமொழி பேசினால் கைதட்டல் வானைப் பிளக்கும்.

காமராஜர் பேச்சில் அலங்காரம் கிடையாது. சிறு சிறு வாக்கியங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தமிழ். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைச் சொல்ல, உவமை எதற்கு?

1956-ம் ஆண்டு பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் பகல் உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஏழைப் பிள்ளைகளின் சோற்றுக்காக ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுக்கவும் தயார் என்று அவர் சொன்னது பிரசித்தம். ஒரு முதல்-மந்திரி இப்படிச் சொன்னால், கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா?

மகாநாட்டு மேடையில் இன்னொரு காட்சியும் உண்டு. கொடை கொடுத்தவர்களின் பெயரை வாசித்து, எல்லோரும் அறியப் பாராட்டுவார்கள். பேச வந்த பிரமுகர் சொல்வதைவிட, கொடுத்துவிட்டுக் கும்பிட்ட ஊர்க்காரரின் செயல் உரக்கப் பேசியது. "நம்மைப் போன்றவர் கொடுத்துவிட்டார். நாம் மட்டும் சும்மா இருப்பதா?" என்று பக்கத்து ஊர்க்காரர் நினைப்பார் அல்லவா?

ஏழையிடம் கேட்பது நியாயமா?

ஒரு கேள்வி எழும். பள்ளி நடத்துவது சர்க்காரின் கடமை. அதற்கு ஏழை மக்களிடம் கேட்பது நியாயமா?

நியாயமான கேள்விதான். செழிப்பான ஊர் அதிகம் கொடுக்கும். வறண்ட ஊரால் கொடுக்க முடியாது. உதவி அதிகம் தேவைப்படும் ஊருக்குக் குறைவாகவே கிடைக்கும். கொடையை மட்டும் நம்பினால், இந்தக் குறை தீராது.

ஆகவே, சர்க்காரும் தன் பங்கைக் கொடுத்தது. முதலில் மக்கள் நன்கொடையில் நடந்த பகல் உணவுக்கு, 1957-ம் ஆண்டில் சர்க்கார் உதவி வந்தது. செலவில் பெரும் பகுதியைச் சர்க்கார் ஏற்றது. மீதியை ஊர் ஏற்றது. பின்னாளில், 1982-ம் ஆண்டில், முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார்.

மக்கள் போட்ட விதை. சர்க்கார் ஊற்றிய தண்ணீர். இரண்டும் சேர்ந்துதான் பயிர் விளைந்தது.

இன்றைய நிர்வாகிகள்

இன்று பள்ளிகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதற்கு வழி செய்தது. குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அன்று பிடி அரிசி எடுத்து வைத்த தாய்மாருக்கு, இன்று பள்ளியின் காரியங்களைப் பேசி முடிவு செய்ய நாற்காலி கிடைத்திருக்கிறது.

இவர்கள் கூடும் கூட்டங்களுக்கும் பேச்சாளர்கள் வருவார்கள். யாரை அழைக்கலாம்? பட்டம் பெற்றவரை அழைக்கலாம். அதே ஊரில், படிக்க ஆசைப்பட்டும் படிக்க முடியாமல் போன ஒரு பாட்டியையும் அழைக்கலாம். பத்து நிமிடம் அவர் தம் கதையைச் சொன்னால் போதும்.

பேச்சு நன்றாக இருந்ததா என்பதைக் கைதட்டலை வைத்துச் சொல்ல முடியாது. கூட்டம் கலைந்த பிறகு, பள்ளிக்கூடத்தின் ஒழுகும் கூரையை யாராவது அண்ணாந்து பார்த்தார்களா? ஏணியைக் கொண்டுவந்தார்களா?

அப்படி நடந்தால், அதுதான் நல்ல பேச்சு!