பைன் காட்டுக்குள் ஒரு புல்வெளி

தூண் பாறை, குணா குகை, மோயர் பாயிண்ட் என்று கொடைக்கானலைச் சுற்றிக் காட்டும் வண்டிகள் தவறாமல் நிற்கும் இடம் பைன் காடு. இறங்கியதும் கைபேசிகள் மேலே எழும். வரிசையாக நிமிர்ந்த மரங்கள், இடையில் நுழையும் மூடுபனி, சினிமாப் பாட்டில் பார்த்த அதே காட்சி. இதுதான் கொடைக்கானலின் ஆதி இயற்கை என்று நம்பிப் பலர் ஊர் திரும்புகிறார்கள். உண்மையில் அது மனிதர்கள் நட்டு வளர்த்த தோட்டம். பழனி மலையின் மேல்தளத்துக்கு உரியவை வேறு: பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடு, அதைச் சூழ்ந்த மேடுகளில் புல்வெளி.

உயர்த்திய கைபேசியின் திரையில் அந்தப் புல்வெளியே விரிந்தால் எப்படி இருக்கும்? நாம் நகர்ந்தாலும் அது தன் இடத்திலேயே நின்றால்? கண்முன் உள்ள இடத்தின்மேல் கணினி உருவங்களைப் பொருத்திக் காட்டும் நுட்பம் ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர். தமிழில் மிகைமெய் என்று எழுதுகிறார்கள். 1968-இல் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் திரை ஒன்றைச் செய்து காட்டியதிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. 2016-இல் 'போக்கிமான் கோ' விளையாட்டு இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஆப்பிளும் கூகுளும் இதற்கான மென்பொருள் கருவிகளை வெளியிட்டன. அதன்பின் தனியாக எந்தக் கருவியும் வாங்கத் தேவையில்லாமல் போயிற்று.

கைபேசி இதை எப்படிச் செய்கிறது? கேமரா காட்டும் படத்தில் எளிதில் அடையாளம் தெரியும் புள்ளிகளை அது தேடுகிறது: பாறையின் விளிம்பு, பலகையின் மூலை, மரப்பட்டையின் வெடிப்பு. புது ஊருக்குப் போனவர் கோபுரத்தையும் டீக்கடையையும் அடையாளம் வைத்து வழி கண்டுபிடிப்பதுபோல, அந்தப் புள்ளிகள் திரையில் நகரும் விதத்தைக் கொண்டு தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிடுகிறது. கைபேசியின் அசைவையும் சுழற்சியையும் அளக்கும் உணரிகள் அந்தக் கணக்கைச் சரிபார்க்கின்றன. இது நொடிக்குப் பலமுறை நடக்கிறது. அதனால்தான் உருவம் தரையில் ஊன்றியதுபோல நிற்கிறது.

பழனி மலை இந்த நுட்பத்துக்குக் கடினமான இடம். மூடுபனி இறங்கினால் விளிம்புகள் மறைந்துவிடும், கைபேசி பிடிமானம் இழக்கும். காற்றில் அலையும் புல்லில் நிலையான புள்ளி கிடைப்பது அரிது. செயற்கைக்கோள் வழி இருப்பிடம் அறியும் ஜி.பி.எஸ்., திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். மரங்களுக்கு அடியில் பிழை இன்னும் கூடும். சரிவுகளில் இணைய சிக்னலை நம்ப முடியாது. ஆகவே இங்கே படைப்பவர் உருவத்தைப் புல்லோடு பிணைக்கக் கூடாது. பாறை, மைல்கல், அறிவிப்புப் பலகை போன்ற அசையாத ஒன்றோடு பிணைக்க வேண்டும். படைப்பு முழுவதையும் கீழே ஊரிலேயே கைபேசியில் இறக்கிக்கொள்ளவும் வழி வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இல்லாததைச் சேர்ப்பது ஏ.ஆருக்கு எளிது, இருப்பதை மறைப்பது கடினம். முன்னால் நிற்கும் பைன் மரங்களை முழுதாக அழித்துக் காட்ட வேண்டுமானால் அவற்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், அது கைபேசிக்குத் தெரியாது. இதற்குக் கலைஞர்கள் கையாளும் வழி அழகானது. மரங்களுக்கு நடுவே வாசற்கால் ஒன்றை மட்டும் வரைவார்கள். அதற்குள் எட்டிப் பார்த்தால் வேறொரு நிலம் தெரியும், தாண்டி நடந்தால் அந்த நிலத்துக்குள் நிற்போம்.

இடத்தையும் உயிர்ச்சூழலையும் பொருளாகக் கொண்ட ஏ.ஆர். கலை உலகில் வேரூன்றிவிட்டது. டமிகோ தீல் 2018-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியக மாடியில் பிளாஸ்டிக் குப்பையால் ஆன பவளப்பாறையை வளரவிட்டார். யாகோப் கூட்ஸ்க் ஸ்டீன்சன் 2019-இல் லண்டனின் கென்சிங்டன் தோட்டத்தில், அங்கேயே வாழும் உயிர்களைக் கைபேசியில் பார்த்தும் கேட்டும் நடக்கும்படி 'தி டீப் லிஸனர்' என்ற படைப்பை அமைத்தார். வேடிக்கைக்காகத் திரையில் நடமாடவிட்ட டைனோசர்களைவிட இவை மனதில் நிற்பதற்குக் காரணம், அந்த இடத்தைப் பற்றி இவை எதையாவது சொல்வதுதான்.

சொல்லப் பழனி மலையிடம் நிறைய இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்து 2018-இல் வெளிவந்த ஆய்வின்படி, நாற்பது ஆண்டுகளில் இங்கே புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சோலைக்காட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அழிந்தது. அந்த இடத்தைப் பைன், தைலமரம், வாட்டில் தோட்டங்களும் விவசாயமும் பிடித்தன. வாட்டில் பட்டை தோல் பதனிட உதவும் என்பதற்காக நடப்பட்டது. மழைநீரைப் பிடித்துவைத்து வைகைக்கும் அமராவதிக்கும் ஓடைகளாக அனுப்புவது சோலையும் புல்வெளியும் சேர்ந்த நிலம். கணினியில் அந்த நிலத்தை மீட்டு வரையக் கற்பனை தேவையில்லை. சேசு சபைத் துறவி கே. எம். மேத்யூ 1999-இல் வெளியிட்ட பழனி மலைத் தாவர நூல் இருக்கிறது. செண்பகனூரில் 1895 முதல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. எந்தச் செடி எந்த உயரத்தில் வளரும் என்று தெரிந்து வரைந்தால்தான் அது இந்த மலையின் படம். இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் ஐரோப்பியப் புல்லை ஒட்டினால், பைன் காடு செய்த அதே ஏமாற்று வேலையைத் திரையிலும் செய்ததாகும்.

இதில் தோட்ட மரத்தை வில்லனாக்கி முடித்துவிடக் கூடாது. வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கிய பாப் ஸ்டூவர்ட், டான்யா பால்கர் இருவரும் பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வருவதைத் தொடர்ந்து கவனித்துச் சொன்னார்கள். ஒரேயடியாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும், வெட்டவெளியில் வாட்டில் விதைகள் மறுபடி கிளம்பும். புல்வெளி எஞ்சியிருக்கும் இடத்தில் அயல்மரத்தை நீக்க வேண்டும், சோலை திரும்பும் இடத்தில் காத்திருக்க வேண்டும். திரையில் நேற்றைய புல்வெளியோடு நாளைய சோலையையும் காட்டும் படைப்பே நேர்மையானது.

குறிஞ்சிச் செடிக்கும் இந்த நேர்மை பொருந்தும். நீலப் பூக்களைத் திரை முழுக்கக் கொட்டிக் காட்டுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும். பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து மடிகிற செடி அது. பூக்காத ஆண்டுகளில் அது வெறும் பச்சைப் புதர். அப்போதுதான் அதை வெட்டுகிறார்கள், அதன்மேல் வண்டி நிறுத்துகிறார்கள். அந்தப் புதரை அடையாளம் காட்டுவதுதான் கைபேசி செய்யக்கூடிய பெரிய உதவி.

ஏ.ஆர். கலைக்காக யாரையும் சோலைக்குள் அழைத்துப் போக வேண்டாம் என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். 2013 முதல் இந்த மலையில் பெரும் பரப்பு வனவிலங்கு சரணாலயம். கூட்டம் ஏற்கெனவே கூடும் பைன் காடு போதும்.

கொடைக்கானலுக்குப் போகும் மாணவர்கள், கலைஞர்கள் இப்போதே ஒன்று செய்யலாம். சாலையோரத்தில் தெரியும் ஒரு பாறையையும் அதைச் சுற்றிய செடிகளையும் எல்லாப் பக்கமிருந்தும், ஒரு படத்தின் பாதி அடுத்த படத்தில் வரும்படி எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். அந்தப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் செய்ய இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 2018-இல் பூத்த குறிஞ்சி அடுத்துப் பூக்க வேண்டிய ஆண்டு 2030. அதற்கு முந்தைய பச்சை ஆண்டுகளைப் பதிவு செய்ய இன்னும் நேரமிருக்கிறது.