பால் ஒவ்வாத குழந்தைக்குக் கால்சியம் எங்கிருந்து கிடைக்கும்? மட்டாஞ்சேரி அடுப்படிகள் சொல்லும் விடை

எர்ணாகுளம்: கேரளாவில் அங்கன்வாடிக்கு வரும் 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பாலும் முட்டையும் வழங்கும் திட்டத்தை அம்மாநில அரசு 2022 ஆகஸ்ட் மாதம் தொடங்கியது. ஒரு முறைக்கு வழங்கப்படும் 125 மில்லி லிட்டர் பாலில் ஏறத்தாழ 145 மில்லி கிராம் கால்சியம் உள்ளது. அந்த வயதுக் குழந்தையின் ஒரு நாள் தேவையில் இது நான்கில் ஒரு பங்கு. ஆனால், பால் குடித்தவுடன் வயிறு உப்பி அழும் குழந்தைக்கும், உதடு வீங்கி உடலெங்கும் தடிப்பு ஏற்படும் குழந்தைக்கும் அந்தக் குவளையால் பயனில்லை. அவர்களுக்கு மாற்று என்ன என்ற கேள்வி பெற்றோரிடமே திரும்புகிறது.

கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியில் இந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. மலையாளிகளுடன் தமிழர், கொங்கணியர், குஜராத்தியர் எனப் பல மொழி பேசுவோர் தலைமுறைகளாக அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இடம் இது. ஒரு வீட்டில் அன்றாடம் மீன் குழம்பு கொதிக்கும்; அடுத்த தெருவில் முட்டைகூட நுழையாது. பாலை நிறுத்தும்போது இந்த இரு வீட்டுக் குழந்தைகளும் இழப்பது ஒன்றல்ல.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது:

பால் ஒவ்வாமையும் பால் செரியாமையும் வேறு வேறு. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவதால் வருவது செரியாமை. வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடம் இது அதிகம். இத்தகைய குழந்தைகளில் பலருக்குத் தயிரும் மோரும் சிறிதளவு பாலும் ஒத்துக்கொள்ளும் என்பதால், பால் பொருட்களை முழுவதுமாக விலக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. பால் புரதத்தின் மீதான ஒவ்வாமையோ நோய் எதிர்ப்பு மண்டலம் சார்ந்தது. அதில் தயிர், மோர், பனீர், பால் பொடி சேர்த்த பிஸ்கட் என எதுவும் கூடாது. பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் கூறும் யோசனையும் இங்கே ஆபத்தானது. இரண்டின் புரதங்களும் மிகவும் ஒத்திருப்பதால், ஒன்று ஒவ்வாத குழந்தைக்குப் பெரும்பாலும் மற்றதும் ஒவ்வாது. எது என்று மருத்துவர் உறுதி செய்யும் முன்பே பாலை நிறுத்திவிடுவது பல வீடுகளில் நடக்கும் தவறு.

தேவை எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரைப்படி, 1 முதல் 3 வயது வரை நாளொன்றுக்கு 500 மில்லி கிராம் கால்சியம் தேவை. 4 முதல் 6 வயது வரை 550, 7 முதல் 9 வயது வரை 650, 10 முதல் 12 வயது வரை 850 மில்லி கிராம் என இது உயர்கிறது. ஒரு வயதைக் கடந்த குழந்தையின் உணவில் இது நாளொன்றுக்கு 300 மில்லி கிராமுக்கும் கீழே தொடர்ந்து இருந்தால், எலும்பு மென்மையாகிக் கால்கள் வளையும் ரிக்கெட்ஸ் நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நைஜீரியாவிலேயே கால்சியம் குறைந்த உணவால் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வந்தது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. வெயில் மட்டும் போதும் என்ற நம்பிக்கைக்கு இது பதில்.

மீன் உண்ணும் வீடுகளில்:

மத்தி, சாளை என்று அழைக்கப்படும் மீனும் நெத்திலியும் இங்குள்ள எளிய குடும்பங்களின் அன்றாட உணவு. இந்தச் சிறு மீன்களில் கால்சியம் இருப்பது சதையில் அன்று, முள்ளில்தான். முள்ளை நீக்கிவிட்டுச் சதையை மட்டும் ஊட்டினால் புரதமும், வைட்டமின் டியும், பி12 வைட்டமினும் கிடைக்கும். கால்சியம் தட்டோரத்தில் ஒதுங்கிவிடும். மத்தியைக் குக்கரில் நன்கு வேகவைத்தால் முள் விரலால் நசுங்கும் அளவுக்கு மென்மையாகும். அதைப் பிசைந்து, கடினமான முள் எதுவும் இல்லை என்று உறுதி செய்தபின் குழந்தைக்குத் தரலாம். எலும்புடன் டின்னில் அடைக்கப்பட்ட மத்தியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 380 மில்லி கிராம் கால்சியம் உள்ளது. அதே அளவு பசும்பாலில் உள்ளதைப் போல இது மூன்று மடங்குக்கும் மேல். கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் அதை அன்றாட உணவாக்க இயலாது.

மட்டாஞ்சேரியை அடுத்த வெலிங்டன் தீவில் இயங்கும் மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம், வீணாகும் மீன் எலும்பிலிருந்து கால்சியம் தூள் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது. தட்டில் ஒதுக்கப்படும் முள்ளின் மதிப்பு அதிலிருந்தே விளங்கும்.

ஆனால் மத்தி எல்லா ஆண்டும் மலிவாகக் கிடைப்பதில்லை. 2012ஆம் ஆண்டில் கேரளக் கரையில் 4 லட்சம் டன்னை நெருங்கிய மத்தி வரத்து, 2021ஆம் ஆண்டில் சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது. இதுபோன்ற ஆண்டுகளில் மீன் உண்ணும் வீடும் தானியத்தையும் கீரையையும் நாட வேண்டியுள்ளது.

சைவ வீடுகளில்:

மலையாளத்தில் முத்தாரி, பஞ்ஞப்புல்லு எனப்படும் கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லி கிராம் கால்சியம் உள்ளது. கைக்குழந்தைகளுக்கான 'குறுக்கு' என்ற கூழுக்காகக் கேழ்வரகை அரைத்துத் துணியில் வடிகட்டுவது கேரள வழக்கம். கேழ்வரகின் கால்சியம் பெரும்பாலும் மேல்தோலில் இருப்பதால், வடிகட்டும்போது ஒரு பகுதி சக்கையோடு போய்விடும். சற்று வளர்ந்த குழந்தைக்கு வடிகட்டாத மாவில் தோசையோ களியோ செய்வது நல்லது. ஊறவைத்து முளைகட்டிய கேழ்வரகில் கால்சியத்தைப் பிணைத்து வைக்கும் ஃபைட்டேட் குறையும்.

எள்ளுக்கும் இதே கணக்குதான். தோல் நீக்காத வெள்ளை எள்ளில் 100 கிராமுக்கு 1,200 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. இனிப்புகளில் பளபளவெனத் தெரியும் தோல் நீக்கிய எள்ளில் அதன் சிறு பங்கே மிஞ்சும். தோலில் உள்ளதிலும் ஒரு பகுதி ஆக்சலேட்டாக இருப்பதால் முழுவதும் உடலில் சேர்வதில்லை. எள்ளே ஒவ்வாத குழந்தைகளும் உள்ளனர். முதன்முறை சிறிதளவே கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கீரை என்றால் எல்லாம் ஒன்று என்று எண்ண வேண்டியதில்லை. பாலில் உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் உடலில் சேரும்போது, ஆக்சலேட் மிகுந்த பாலக்கீரையில் சேர்வது சுமார் 5 சதவீதம்தான். 100 கிராமில் 300 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் கொண்ட முருங்கைக்கீரை மேலான தேர்வு.

30 கிராம் கேழ்வரகு மாவு, இரண்டு தேக்கரண்டி எள், ஒரு கைப்பிடி கொள்ளு, 20 கிராம் முருங்கைக்கீரை ஆகியவற்றை ஒரு நாளில் உண்ணும் 5 வயதுக் குழந்தைக்கு ஏறத்தாழ 380 மில்லி கிராம் கால்சியம் கிடைக்கும். இன்னும் 170 மில்லி கிராம் குறைவு. கால்சியம் செறிவூட்டிய சோயா பானம் ஒரு குவளை இதனை ஈடுகட்டலாம். இல்லையெனில் மருத்துவர் தரும் மருந்தே வழி. தேங்காய்ப்பால் ஈடுகட்டாது. பெயரிலும் நிறத்திலும் பால் என்றாலும், பசும்பாலில் உள்ள கால்சியத்தில் சிறு பங்கே அதில் இருக்கிறது.

சைவ வீடுகள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது பி12 வைட்டமினை. தாவர உணவில் இது நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. முட்டையும் மீனும் உண்ணாத குழந்தைக்கு இதன் ஒரே இயல்பான ஊற்று பால்தான். அதுவும் நின்றால் இரத்தசோகையும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடும் ஏற்படலாம். எவ்வளவு கேழ்வரகு கொடுத்தாலும் இது சரியாகாது. இத்தகைய குழந்தைக்குப் பி12 மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது கட்டாயம்.

வெயிலும் எண்ணெயும்:

கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகுகள் பரிந்துரைக்கப்படுகின்றன. குழந்தையை அதிகாலை இளவெயிலில் காட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் வைட்டமின் டியை உருவாக்கும் புற ஊதாக் கதிர்கள் அந்நேரத்தில் மிகக் குறைவு. முற்பகல் 11 மணிக்குப் பிந்தைய சில நிமிட வெயிலே பலன் தரும். நெருக்கமான சந்துகளிலும், ஜூன் முதல் மேகம் கவியும் பருவமழைக் காலத்திலும் அதற்கும் வழி குறைவு. செறிவூட்டப்பட்டதைக் குறிக்கும் '+எஃப்' முத்திரை கொண்ட சமையல் எண்ணெயில் வைட்டமின் ஏவும் டியும் சேர்க்கப்படுகின்றன. பால் இல்லாத வீட்டுக்கு இது சிறு உதவி.

கைக்குழந்தைகளுக்கு மேற்கூறிய எதுவும் தாய்ப்பாலுக்கு மாற்றாகாது. பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டும் தாய், மருத்துவர் சொன்னால் தானும் பால் பொருட்களைத் தவிர்க்க நேரும். அப்போது பாலூட்டும் தாய்க்குரிய 1,200 மில்லி கிராம் கால்சியத்துக்கும் வேறு வழி தேட வேண்டும். கேரளத்தில் 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாக வழங்கப்படும் 'அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்' மாவு கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை கொண்டது. பால் ஒவ்வாத குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் ஒவ்வாது என்பதால், முதல் முறை கவனித்தே தர வேண்டும்.

மருந்து வாங்கும்போது:

1,250 மில்லி கிராம் கால்சியம் கார்பனேட் என்றால் அதில் உள்ள கால்சியம் 500 மில்லி கிராம் மட்டுமே. இரும்புச்சத்து மருந்தையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் தந்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். 60,000 அலகு வைட்டமின் டி பொட்டலத்தை, வாரம் ஒன்று என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு நாள்தோறும் கொடுத்ததால் குழந்தைகள் நச்சுத்தன்மைக்கு ஆளான நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. நடக்கத் தாமதம், கால் வளைவு, மணிக்கட்டு பருத்தல், பல் முளைக்கத் தாமதம் ஆகியவை தெரிந்தால் உணவு மாற்றத்துக்குக் காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும்.

பால் புரத ஒவ்வாமை கொண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளி செல்லும் வயதுக்குள் அதிலிருந்து விடுபடுகின்றனர். எனவே ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபரிசோதனை அவசியம். ஆனால் மீண்டும் பாலைக் கொடுத்துப் பார்க்கும் அந்த முதல் மிடறு மருத்துவரின் கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும், வீட்டில் அன்று.