அப்பாவின் பிரதி உறங்குகிறது

உயிரின் எழுத்துகள் – 17

ரைபோசோம் ஒரு புரதத்தைக் கட்டி முடிப்பது வரை போன வாரம் பார்த்தோம். கட்டியதை ஒருநாள் கலைத்தாக வேண்டும். செல்லுக்குள் எந்தப் புரதமும் நிரந்தரமில்லை. சிலவற்றின் ஆயுள் சில நிமிடங்கள், சிலவற்றுக்கு வாரக்கணக்கு. போக வேண்டியது தங்கினாலும் நோய், தங்க வேண்டியது போனாலும் நோய். இரண்டையும் நமக்குக் காட்டிக்கொடுத்த மரபணு யூபிஇ3ஏ. 15ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கிறது.

சாலையை அகலப்படுத்தும் முன், வெட்ட வேண்டிய புளியமரங்களில் பெயின்டால் எண் எழுதிவிட்டுப் போவார்கள். எழுதுகிறவர் வெட்டுவதில்லை, வெட்ட வருகிறவர் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். செல்லில் அந்த எண், யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதம். 76 அமினோ அமிலங்கள்தான் அதன் நீளம். அது சங்கிலியாக ஒட்டப்பட்ட புரதத்தை, புரோட்டியசோம் என்ற பெரிய புரதக் கூடு உள்ளே இழுத்துத் துண்டுதுண்டாக்கிவிடும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த ஆரோன் செகனோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவரும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஒட்டும் வேலையை இ1, இ2, இ3 என்ற மூன்று வகை நொதிகள் வரிசையாகச் செய்கின்றன. மனித செல்லில் இ1 இரண்டே இரண்டு. இ2 சுமார் 40. இ3 மட்டும் 600க்கும் மேல். இத்தனை எதற்கு? எந்தப் புரதம் போக வேண்டும் என்று ஆளறிந்து பிடிப்பது இ3தான். ஆயிரக்கணக்கான புரதங்களுக்குள் சரியானதைப் பிடிக்க, அத்தனை கைகள் வேண்டியிருக்கின்றன. யூபிஇ3ஏ உருவாக்கும் நொதி அப்படி ஓர் இ3.

இந்த நொதியை அறிவியல் முதலில் சந்தித்தது ஒரு வைரஸின் வழியாக. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸின் 16, 18ஆம் வகைகள், இ6 என்ற புரதத்தைச் செல்லுக்குள் விடுகின்றன. அந்த இ6 எதைப் பற்றிக்கொள்கிறது என்று பீட்டர் ஹௌலியும் மார்ட்டின் ஷெஃப்னரும் ஜான் ஹுய்ப்ரெக்ட்சேயும் 1990களின் தொடக்கத்தில் தேடியபோது கிடைத்தது இது. இ6உடன் சேர்வதால் ‘இ6-ஏபி’ என்று பெயரிட்டார்கள். 1993இல் இது யுபிக்விட்டின் ஒட்டும் நொதி என்பது உறுதியானது.

இது வேலை செய்யும் விதத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். பெரும்பாலான இ3 நொதிகள் இ2வையும் இலக்குப் புரதத்தையும் அருகருகே கொண்டுவந்து நிறுத்துவதோடு சரி. இது அப்படியில்லை. இ2விடமிருந்து யுபிக்விட்டினை முதலில் தானே வாங்கிக்கொள்கிறது. தன் வால்பகுதியிலுள்ள ஒரு சிஸ்டீன் அமினோ அமிலத்தில் அதைப் பிணைத்துக்கொண்டு, பிறகு இலக்கின் லைசின் மீது ஏற்றிவிடுகிறது. அந்த ஒரு சிஸ்டீன் மாறிப்போனால் மற்ற 850க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் ஒழுங்காக இருந்தும் பயனில்லை.

வைரஸ் இந்த நொதியைக் கெடுப்பதில்லை, வேலை வாங்குகிறது. வழக்கமாக இந்த நொதி பி53 என்ற புரதத்தைத் தொடுவதே இல்லை. டிஎன்ஏ சேதமடைந்த செல்லைப் பிரியவிடாமல் தடுக்கும் காவல் புரதம் அது. இ6 வந்து ஒட்டியதும் நொதி பி53ஐயும் பிடிக்கிறது, யுபிக்விட்டினை ஒட்டுகிறது, புரோட்டியசோம் அழித்துவிடுகிறது. காவல் போன செல் பெருகத் தொடங்குகிறது. பெண் குழந்தைகளுக்கு உரிய வயதில் ஹெச்பிவி தடுப்பூசி போட்டுவிட்டால், இந்த நாசவேலை தொடங்குவதற்கு முன்பே வைரஸ் தடுக்கப்படும். தள்ளிப்போடாதீர்கள்.

வைரஸ் இல்லாத நாளில் இந்த நொதிக்கு என்ன வேலை? பதில் குழந்தைகளிடமிருந்து வந்தது. இங்கிலாந்தின் வாரிங்டன் நகரக் குழந்தை மருத்துவர் ஹாரி ஏஞ்சல்மேன், 1965இல் மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதினார். பேச்சு வரவில்லை. கால்களை அகட்டி, கைகளை உயர்த்தி, தள்ளாடி நடந்தார்கள். வலிப்பு வந்தது. ஆனாலும் அடிக்கடி சிரித்தார்கள். இத்தாலியின் வெரோனா அருங்காட்சியகத்தில் கையில் பொம்மைப் படத்துடன் சிரிக்கும் சிறுவனின் ஓவியத்தைப் பார்த்திருந்த அவர், ‘பொம்மைக் குழந்தைகள்’ என்று தலைப்பிட்டார். பெற்றோரை அந்தப் பெயர் புண்படுத்தியது. 1982இல் ‘ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம்’ என்ற பெயர் முன்மொழியப்பட்டது. 1997இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காரணத்தைக் கண்டுபிடித்தன: யூபிஇ3ஏ மரபணுவின் பழுது.

சுமார் 15,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இது நேர்கிறது. ஒரு விசித்திரம் உண்டு. பெரும்பாலான மரபணுக்களைப் போல இதுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாகத்தான் வருகிறது. ஒன்று கெட்டால் மற்றது சமாளிக்க வேண்டும். ஆனால் மூளையின் நரம்புச் செல்களில் அம்மாவின் பிரதி மட்டுமே இயங்குகிறது. அப்பாவின் பிரதிக்கு எதிர்த்திசையில் ஒரு நீண்ட ஆர்என்ஏ எழுதப்பட்டு, அதன் வாயை அடைத்துவிடுகிறது. அம்மாவின் பிரதி இழக்கப்பட்டால் மூளைக்கு இந்த நொதியே கிடைக்காது. சுமார் 70 சதவீதக் குழந்தைகளில் தாய்வழி 15ஆம் குரோமோசோமில் இந்த மரபணு உள்ள துண்டே இல்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘தாய்வழிப் பிரதி’ என்றதும் தாயின் மேல் பழி போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்தத் துண்டு விடுபடுவது பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்வது. அவள் சாப்பிட்டதோ, செய்ததோ, செய்யாததோ காரணமல்ல. மரபணுவிலேயே எழுத்துப்பிழை உள்ள சுமார் 10 சதவீதத்தினரில் சிலருக்கு அது பரம்பரையாக வருவதுண்டு. தன் தந்தையிடமிருந்து பிழையைப் பெற்ற பெண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது, அவளிடம் அந்தப் பிரதி உறங்குவதால். அவளுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை அவசியம். குற்றவாளியைத் தேட அல்ல, குடும்பம் தெளிவாக முடிவெடுக்க.

நம்பிக்கையும் அந்த உறங்கும் பிரதியில்தான் இருக்கிறது. அப்பாவின் மரபணுவில் பழுதே இல்லை, அமைதியாக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். டோபோடெகான் என்ற புற்றுநோய் மருந்து எலிகளின் நரம்புச் செல்களில் அதை விழிக்கவைப்பதை வட கரோலினா ஆய்வாளர்கள் 2011 இறுதியில் காட்டினார்கள். பிறகு, வாயடைக்கும் ஆர்என்ஏவை மட்டும் குறிபார்த்து அழிக்கும் சிறு மூலக்கூறுகள் உருவாகின. முதுகுத்தண்டு நீரில் செலுத்தப்படும் இவை இன்று மூன்றாம் கட்ட மனிதச் சோதனை வரை வந்திருக்கின்றன. ஆரம்பச் சோதனையில் அதிக அளவு பெற்ற குழந்தைகளுக்குத் தற்காலிகமாகக் கால் பலவீனம் ஏற்பட்டதால், அளவைக் குறைத்து நிதானமாக நகர்கிறார்கள். அந்த நிதானம் சரியானதே.

மருந்து வரும்போது நம் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டுமென்றால், முதலில் அவர்கள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். பேச்சு வராத, தள்ளாடி நடக்கிற, வலிப்பு வருகிற குழந்தைக்குப் பெருமூளை வாதம் என்றோ ஆட்டிசம் என்றோ எழுதி நிறுத்திவிடக் கூடாது. டிஎன்ஏ மெத்திலேற்றப் பரிசோதனை ஒன்றே இந்தக் குழந்தைகளில் சுமார் 80 சதவீதத்தினரை அடையாளம் காட்டிவிடும். மீதிப் பேருக்கு யூபிஇ3ஏ மரபணுவை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது பெற்றோரின் உரிமை.

அடுத்த வாரம்: இளவயதிலேயே நடுக்குவாதத்தைக் கொண்டுவரும் பார்க்கின் மரபணு. அதுவும் ஓர் இ3தான்.

(தொடரும்)