பாதிக் கூஜா காபியும் பழி சுமக்கும் ஹீட்டரும்

அமெரிக்காவின் சாலையோர உணவகங்களிலும், ஓட்டல்களில் காலைச் சிற்றுண்டி பரிமாறும் கூடங்களிலும் கண்ணாடிக் கூஜா கூஜாவாகக் காபி இறக்கும் டிரிப் மெஷின்கள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. கூட்ட நேரத்தில் அப்படி ஒன்று பாதிக் கூஜாவோடு நின்றால், பழி உடனே ஹீட்டர் மேல்தான் விழும். அனுபவப்பட்ட மெக்கானிக் ஹீட்டர் பக்கமே போகமாட்டார். மெஷினுக்குப் பின்னால் குனிந்து, பச்சைத் தண்ணீர் வரும் குழாயைத்தான் பார்ப்பார்.

இலினாய்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டைத் தலைமையிடமாகக் கொண்ட பன் நிறுவனத்தின் பல மாடல்களில், வெந்நீர் வெளியேற வால்வே கிடையாது. டேங்க் எப்போதும் நிறைந்தே இருக்கும். வெப்பம் சுமார் 93 டிகிரி செல்சியஸ். பட்டனை அழுத்தினால் பச்சைத் தண்ணீர் வால்வ் திறக்கிறது. அந்தத் தண்ணீர் டேங்கின் அடியில் இறங்கி, மேலே நிற்கும் வெந்நீரைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட வெந்நீர் ஸ்பிரே ஹெட் வழியாகக் காபித்தூள் மேல் பொழிகிறது. உள்ளே ஒரு லிட்டர் போனால்தான் வெளியே ஒரு லிட்டர் வரும். ஆக, கூஜா நிறையவில்லை என்றால் குழாய் சரியாகத் திறக்கப்படாமல் இருக்கலாம், தண்ணீர் பில்டர் அடைத்திருக்கலாம், டைமர் முன்னதாகவே நிறுத்தியிருக்கலாம். ஹீட்டர் பாவம்!

காபி இறங்கி முடிந்த பிறகும் ஸ்பிரே ஹெட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தால்? பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்ப்பார்கள். மின்சாரம் போனபின்னும் கொட்டினால் வால்வ் சரியாக மூடவில்லை. நின்றுவிட்டால் டைமரையோ சுவிட்சையோ சந்தேகிக்கலாம். கருவி எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனை, பாதி வேலையை முடித்துவிடும்.

காபி சப்பென்று இருக்கிறது என்ற புகார் வந்தால், வடிந்த சக்கையைப் பார்க்க வேண்டும். அதில் அங்கங்கே நனையாத திட்டுகள் தெரிந்தால், தூளைச் சமமாகப் பரப்பவில்லை, அல்லது ஸ்பிரே ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கின்றன.

அடைப்பது சுண்ணாம்பு. கடின நீரைச் சூடாக்கினால் அதில் கரைந்துள்ள பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. போர்வெல் தண்ணீர் காய்ச்சும் நம் வீட்டுக் கெட்டில்களிலும் அதே வெள்ளைதான். இதற்கென்றே பன் மெஷின்களோடு நீளமான ஸ்பிரிங் ஒன்று தருகிறார்கள். மெஷினை அணைத்து, ஆறவிட்டு, ஸ்பிரே ஹெட்டைக் கழற்றி, அது மாட்டியிருந்த குழாய்க்குள் ஸ்பிரிங்கை ஏறக்குறைய முழுவதும் செலுத்தி, ஐந்தாறு முறை முன்னும் பின்னும் இழுத்தால் படிவு பொடிப்பொடியாக உதிர்கிறது. ஸ்பிரே ஹெட்டின் துளைகளையும் சுத்தம் செய்து திரும்ப மாட்ட வேண்டும்.

மெஷினை இடம் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டேங்க் நிரம்பிய பிறகே ஹீட்டரை இயக்க வேண்டும். காலி டேங்கில் காயும் ஹீட்டர் சீக்கிரமே கருகிவிடும்.

பிளக்கைப் பிடுங்கும் சோதனையும் சில ஊர்களில் ஏமாற்றும். சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. தெர்மோஸ்டாட் கொஞ்சம் பிசகினாலும் போதும், டேங்க் கொதித்து, யாரும் பட்டனைத் தொடாமலே ஸ்பிரே ஹெட் ஆவியும் தண்ணீருமாகத் துப்பும். பிளக்கைப் பிடுங்கினால் சற்று நேரத்தில் அதுவும் அடங்கிவிடும். டைமர்தான் போயிற்று என்று தோன்றும். அங்கே பழகிய மெக்கானிக் புது டைமர் வாங்கச் சொல்லமாட்டார், தெர்மோஸ்டாட்டைச் சில டிகிரி இறக்கி வைப்பார்.